கோட்டுச் சித்திரத்துக்கு உடல் தருதல்

பெல்ஜிய நாட்டு ஓவியர் எர்ஜே, 1929ஆம் ஆண்டு சனவரியில், டின்டின் என்னும் இளம் செய்தியாளனைச் சித்திரக்கதையிலே தோற்றுவித்தார். இரு புள்ளிகள் கண்களாயின. சிறு வளைவு மூக்காயிற்று. நெற்றியின்மேல் நிமிர்ந்து நின்றது ஒரு மயிர்க்கற்றை. எஞ்சியவற்றைப் படிப்போரின் கற்பனையே நிறைத்துக்கொண்டது.

2011இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் அக்கதையைத் திரைப்படமாக்கியபோது, நியூசிலாந்தின் வேட்டா டிஜிட்டல் நிறுவனக் கலைஞர் அம்முகத்தைக் கணினியிலே முழுவடிவாக வடித்தனர்.

கணினிச் சிற்பியின் களிமண், எண்ணற்ற சிறு தளங்கள் பின்னிய வலையாகும். மின்பேனாவால் அழுத்தக் குழியும், இழுக்கப் புடைக்கும். முதலில் மண்டையோட்டின் அளவு, அடுத்துத் தசை, இறுதியிலேயே தோலின் நுண்துளைகள். இம்முறை பிறழின், பின்னர் எத்துணை நுட்பம் சேர்ப்பினும் முகம் அமையாது.

இளமுகம் வடித்தல் இன்னும் அரிது. முதியோர் முகத்திலே சுருக்கங்கள் சிற்பிக்குத் துணை நிற்கும்; இளையோரின் வழுவழுப்பான கன்னத்திலோ சிறு பிழையும் புலனாகும். மேலும், ஒளியானது தோலினுள் நுழைந்து, பரவி, வெளிப்படுவது இயற்கை. அதனையும் கணித்துக் காட்டாவிடின், உருவம் சாயம் பூசிய பொம்மையாகிவிடும்.

இயந்திர மனிதரைப் பற்றி 1970இல் எழுதிய யப்பானியப் பேராசிரியர் மசாகிரோ மோரி, ஓர் உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமது விருப்பம் வளருமென்றும், ஏறக்குறைய ஒத்துச் சற்றே குறைபடும் நிலையில் அருவருப்புத் தோன்றுமென்றும் கூறினார். அப்பள்ளத்தைத் தாண்டுதற்குத் தோலும் மயிரும் மட்டும் போதா. நடிகர் ஜேமி பெல்லின் முகபாவங்களையும் அசைவுகளையும் பதிவுசெய்து டின்டினுக்கு ஊட்டினர். எனினும், படத்தைக் கண்ட விமர்சகருட் சிலர் அம்முகத்திலே உயிர்க்களை குறைவென்றே கருதினர். இரு புள்ளிகள் எளிதாகத் தந்த உயிரை, இலட்சக்கணக்கான தளங்கள் பெரிதும் முயன்றே பெறவேண்டியிருக்கிறது.