கம்பியூட்டருக்கு வரும் காய்ச்சல்: விரட்டுவது எப்படி? மறுபடி வராமல் காப்பது எப்படி?



முன்பெல்லாம் கம்பியூட்டர் என்றால் தோட்டத்து ஆபிசில் மட்டுந்தான். இன்று லயத்துக்குள்ளேயும் வந்துவிட்டது. 2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, போனிலும் கம்பியூட்டரிலும் பாடம் நடந்தபோது, சீட்டுக் காசை எடுத்தும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளுக்குப் பழைய கம்பியூட்டர் வாங்கிக் கொடுத்த பெற்றோர் நம்மில் பலர்.

அந்தப் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உயர்தர மகளின் செயற்றிட்டம், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய படங்கள், காலமான பாட்டியின் கடைசிப் போட்டோ, சேமலாப நிதிக் கடிதங்களின் கொப்பி, சில வீடுகளில் பேங்க் கணக்கின் பாஸ்வேர்ட் கூட. பெட்டி உடைந்தால் வேறு வாங்கலாம். உள்ளே இருப்பது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் வைரஸ் பற்றி நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வைரஸ் என்றால் என்ன?

தண்ணீர் பட்டதாலோ, தூசி அடைந்ததாலோ, கரண்ட் கூடிக் குறைந்ததாலோ வருவது வைரஸ் அல்ல. வைரஸும் மனிதன் எழுதிய ஒரு புரோகிராம்தான். நமக்குத் தெரியாமல் உள்ளே வந்து, தன்னைத் தானே கொப்பி எடுத்து, அடுத்த கம்பியூட்டருக்கும் தாவும்.

சாதாரண கம்பியூட்டர்களில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று 1986 இல் பாகிஸ்தானின் லாகூர் நகரத்தில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’. அது பிளொப்பி டிஸ்க் வழியாக ஊர் ஊராகப் போனது. எழுதியவர்கள் தங்கள் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள்! இன்று எழுதுபவர்கள் விலாசம் தருவதில்லை. அவர்கள் குறி நம் பணத்தின் மேல்தான். சில புரோகிராம் பாஸ்வேர்டைத் திருடும். சில விளம்பரமாகக் கொட்டும். சில நம் படங்களையும் கடிதங்களையும் பூட்டிவிட்டு, ‘காசு கட்டினால்தான் திறப்போம்’ என்று மிரட்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

- ஒரு வேலையும் செய்யாத நேரத்திலும் கம்பியூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக ஓடுகிறது.
- இன்டர்நெட்டைத் திறந்தால் நாம் வைக்காத பக்கம் வருகிறது. விளம்பரம் மேல் விளம்பரம் வருகிறது.
- பென்ட்ரைவில் இருந்த போல்டர்கள் எல்லாம் சின்ன அம்புக்குறி போட்ட ‘ஷோர்ட்கட்’ ஆக மாறிவிட்டன.
- வைரஸ் காவல் தானாக நின்றுவிட்டது. திருப்பிப் போட்டாலும் நிற்பதில்லை.
- நீங்கள் அனுப்பாத செய்தி உங்கள் பேஸ்புக்கிலிருந்தோ ஈமெயிலிலிருந்தோ மற்றவர்களுக்குப் போகிறது.

மெதுவாக ஓடுவது மட்டுமென்றால் பழைய டிஸ்க்காகவும் இருக்கலாம். இரண்டு மூன்று அடையாளம் சேர்ந்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

1. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். டொங்கிளைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை நிறுத்துங்கள். திருடன் உள்ளே இருக்கும்போது கதவை அடைப்பது போலத்தான். எடுத்ததை அவன் வெளியே அனுப்ப முடியாது.

2. அந்தக் கம்பியூட்டரில் பேங்க் கணக்கையோ ஈமெயிலையோ திறக்காதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் வேறொரு போனிலிருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டையும், அடுத்து பேங்க், பேஸ்புக் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். ஈமெயில் ஏன் முதலில்? மற்றப் பாஸ்வேர்டுகளை மாற்றும் சாவி பெரும்பாலும் அதற்குத்தான் வருகிறது.

3. முக்கியமான படங்களையும் கடிதங்களையும் ஒரு பென்ட்ரைவுக்குக் கொப்பி எடுங்கள். புரோகிராம்களைக் கொப்பி எடுக்க வேண்டாம். அந்தப் பென்ட்ரைவில் ‘சந்தேகம்’ என்று எழுதி ஒட்டுங்கள். சோதித்து முடியும்வரை வேறெந்தக் கம்பியூட்டரிலும் அதைப் போடக்கூடாது.

சுத்தம் செய்யும் முறை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘டிஃபெண்டர்’ என்ற காவல்காரன் இலவசமாகவே இருக்கிறான். பலருக்கு இது தெரியாது. கம்பியூட்டரோடு வந்த வேறு வைரஸ் காவல் காலாவதியாகிக் கிடந்தால், அதை எடுத்துவிட்டு டிஃபெண்டரை வேலை செய்ய விடுங்கள். இரண்டு காவல்காரர்களை ஒரே நேரத்தில் வைத்தால் இருவரும் சண்டை பிடிப்பார்கள், கம்பியூட்டரும் படுத்துவிடும்.

முதல் படி: ‘செட்டிங்ஸ்’ போய் ‘அப்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். யாரும் போடாத, பெயர் தெரியாத புரோகிராம் இருந்தால் நீக்குங்கள். இன்டர்நெட் பார்க்கும் குரோம் போன்றவற்றில் ‘எக்ஸ்டென்ஷன்’ பட்டியலும் உண்டு. அங்கும் தெரியாததை எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கொஞ்ச நேரம் மட்டும் இன்டர்நெட்டைப் போட்டு டிஃபெண்டரை அப்டேட் செய்யுங்கள். புதிய வைரஸ்களின் அடையாளம் தெரிந்தால்தான் அவனால் பிடிக்க முடியும். முடிந்ததும் மறுபடி துண்டியுங்கள்.

மூன்றாம் படி: ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’யைத் திறந்து, வைரஸ் பகுதியில் ‘ஸ்கேன் ஒப்ஷன்ஸ்’ என்பதில் ‘புல் ஸ்கேன்’ கொடுங்கள். பழைய கம்பியூட்டரில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். காலையில் பெரட்டுக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போனால், கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு வரும்போது முடிந்திருக்கும். பிடிபட்டதை ‘ரிமூவ்’ கொடுத்து நீக்குங்கள்.

நாலாம் படி: அதே இடத்தில் ‘ஒப்லைன் ஸ்கேன்’ என்றும் இருக்கிறது. இதைக் கொடுத்தால் கம்பியூட்டர் தானாக நின்று, விண்டோஸ் எழும்பும் முன்னே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ் இதில் மாட்டும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டாவது டொக்டரிடம் காட்டுவது போல வேறொரு கருவியாலும் பாருங்கள். ‘மைக்ரோசொப்ட் சேஃப்டி ஸ்கேனர்’ இலவசம். டவுன்லோட் செய்து 10 நாளைக்குத்தான் வேலை செய்யும், பிறகு புதிதாக எடுக்க வேண்டும். ‘மால்வெயார்பைட்ஸ்’ இலவசப் பதிப்பும் நல்லது. அந்தந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே எடுங்கள்.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால், ‘ரீசெட்’ கொடுத்து எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே வழி. நோய் முற்றிய தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுவது மாதிரி. படங்களைக் கொப்பி எடுத்தாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

‘ஷோர்ட்கட்’ வைரஸ்: பயப்பட வேண்டாம்

பென்ட்ரைவில் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டால், ‘ஐயோ, எல்லாம் அழிஞ்சு போச்சு’ என்று உடனே போர்மட் பண்ணிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் உங்கள் பைல்கள் உள்ளேயேதான் இருக்கும். வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, பொய்க் கதவை வெளியே வைத்திருக்கிறது. அந்த ஷோர்ட்கட்டைக் கிளிக் செய்தால் வைரஸ் ஓடத் தொடங்கும்.

ஆகவே எதையும் கிளிக் செய்யாமல், முதலில் பென்ட்ரைவை டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ‘வியூ’ என்பதில் ‘ஹிடன் ஐடெம்ஸ்’ என்பதற்குச் சரி போடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால், ‘போல்டர் ஒப்ஷன்ஸ்’ உள்ளே, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களை மறைக்கச் சொல்லும் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சில நேரம் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் எல்லாம் இருக்கும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு பென்ட்ரைவைப் போர்மட் செய்யுங்கள்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

‘தம்பி, போன மாசந்தானே கடையில குடுத்து காசு கட்டி சுத்தம் பண்ணினோம். இந்தா மறுபடியும் வந்திருச்சே!’ என்று அம்மா கேட்பது பல வீடுகளில் நடக்கிறது. ‘கடைக்காரன் ஏமாத்திட்டான்மா’ என்று மகன் சொல்வான். எப்போதும் அப்படி அல்ல.

மழைக்கால மலையில் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிகிறோம். சவுக்காரம் பூசாமல் அதே புல்லுக்குள் போனால் அடுத்த அட்டை ஏறத்தானே செய்யும்? வைரஸும் அப்படித்தான். கம்பியூட்டரைச் சுத்தம் செய்தோம்; வந்த வழியை அடைக்கவில்லை. அந்த வழிகள் இவை:

பென்ட்ரைவ். பிரின்ட் எடுக்க டவுனில் கொமியுனிகேஷனுக்குக் கொண்டு போகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை பேரின் பென்ட்ரைவ் அந்த ஒரே கம்பியூட்டரில் ஏறி இறங்குகிறது! வீட்டுக்கு வந்ததும் திறக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள். அல்லது பிரின்ட் எடுக்க வேண்டியதை ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள்.

திருட்டு மென்பொருள். காசு கொடுக்காமல் விண்டோஸையும் ஒபிஸையும் திறக்கும் ‘கிராக்’ புரோகிராம்கள் பலவற்றில் வைரஸ் சேர்த்தே வருகிறது. ‘வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் போடுங்கள்’ என்று அது கேட்டாலே புரிந்துகொள்ள வேண்டும். காவல்காரனை அனுப்பச் சொல்லும் விருந்தாளி நல்லவனா? கடிதம் எழுத, கணக்குப் போட ‘லிப்ரே ஒபிஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது.

வேஷம் போட்ட பைல். படம் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு புரோகிராம் வரும். ‘வியூ’ பகுதியில் பைல் பெயரின் கடைசி எழுத்துக்களையும் காட்டச் சொல்லுங்கள். படம் என்று சொல்லிக்கொண்டு பெயர் ‘ஈ-எக்ஸ்-ஈ’ என்ற மூன்று எழுத்தில் முடிந்தால் திறக்காதீர்கள்.

வட்ஸ்அப் லிங்க். ‘இலவச டேட்டா’, ‘அரசாங்க உதவிப் பணம்’, ‘பரிசு விழுந்திருக்கு’ என்று வந்தால் தொடாதீர்கள். தெரிந்த சித்தப்பாவிடமிருந்து வந்தாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. நம்பரை யாருக்கும் சொல்லக்கூடாது.

பழசாகிப்போன விண்டோஸ். 2017 மே 12 இல் ‘வன்னாகிரை’ என்ற புரோகிராம் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கம்பியூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் இரண்டு மாதத்துக்கு முன்னே, மார்ச் மாதமே கொடுத்திருந்தது. மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள். விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 உடனும், விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 உடனும் வழக்கமான அப்டேட் முடிந்தது. விண்டோஸ் 10 ஐப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்பியூட்டர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்பியூட்டர் என்றால், இலவசமான ‘லினக்ஸ் மின்ட்’ போடுவது பற்றி விபரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நம்ம ஊர்க் கதை ஒன்று

நம் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது மலை முழுக்கக் கோப்பிதான். 1869 இல் இலைத்துரு நோய் வந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே பயிர் என்பதால் காற்றோடு மலைக்கு மலை தாவி, காலப்போக்கில் கோப்பியையே அழித்துவிட்டது. டெய்லர் வேறு பயிரையும் நட்டு வைத்திருந்ததால் மலைநாடு பிழைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்பதுதான் பாடம்.

இந்தப் பாடத்தை அரசாங்கமே மறந்த சம்பவம் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் ஈமெயில் அமைப்பைப் பணம் பறிக்கும் வைரஸ் தாக்கியது. சுமார் 5,000 ஈமெயில் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. காரணம் இரண்டு: பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது, அந்த மாதங்களுக்கு வெளியே எடுத்து வைத்த கொப்பி இல்லை. பெரிய பெரிய இன்ஜினியர்கள் இருக்கும் இடத்துக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்!

ஆகவே மாதம் ஒரு தடவை, சம்பள நாளை ஞாபகமாக வைத்து, முக்கியமானவற்றைக் கொப்பி எடுங்கள். கொப்பி எடுத்ததும் பென்ட்ரைவைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கம்பியூட்டரிலேயே மாட்டி வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இன்னொரு கொப்பி உறவினர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் விளையாடவும் படிக்கவும் தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கு பெரியவர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அப்போது வைரஸ் தானாக உள்ளே குடியேறுவது கஷ்டம்.

மிரட்டினால் காசு கட்டாதீர்கள்

பைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் திறப்பான் என்று நிச்சயமில்லை. ஐரோப்பியப் பொலிசும் மற்றவர்களும் சேர்ந்து 2016 இல் தொடங்கிய ‘நோ மோர் ரென்சம்’ என்ற பக்கத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. ‘உங்கள் கம்பியூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்’ என்று திரையில் வந்தால் அது பொய். கூப்பிடாமல் அந்தப் பக்கத்தை மூடுங்கள்.

உதவி தேவைப்பட்டால் 2006 இல் தொடங்கிய ‘ஸ்ரீ லங்கா சேர்ட்’ நிறுவனத்தை 101 என்ற நம்பரில் கேட்கலாம். பணம் போயிருந்தால் முதலில் பேங்குக்குச் சொல்லுங்கள், அடுத்து பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நமக்கும் உரியதுதான். ‘நமக்கெல்லாம் யார் கேட்கப் போறாங்க’ என்று இருந்துவிடாதீர்கள்.

ஒரு வார்த்தை பெற்றோருக்கு. வைரஸ் வந்ததும் பிள்ளையை அடிப்பதால் பயன் இல்லை. அடிக்குப் பயந்தால் அடுத்த முறை மறைத்துவிடும். நமக்குத் தெரிய வரும்போது பேங்க் கணக்கு காலியாக இருக்கும். ‘என்ன நடந்துச்சு, சொல்லு புள்ள’ என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே முதல் கொப்பியை எடுத்து வையுங்கள்.