மூணு பக்கமும் எல்லை: லூஹோ-டானன்பெர்க் மாவட்டத்தின் கதை

ஹாம்பர்க்குக்கும் பெர்லினுக்கும் நடுவுல, எல்பே ஆற்றங்கரையில லூஹோ-டானன்பெர்க்னு ஒரு மாவட்டம். லோயர் சாக்சனி மாநிலத்தோட கிழக்குக் கோடி. பரப்பு 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல. மக்களோ 50,000 பேர்கூட இல்ல. ஜெர்மனியோட கிராமப்புற மாவட்டங்கள்லயே ஆள் ரொம்பக் குறைவு இங்கதான். ஆனா அணுசக்தி அரசியல்னு வந்தா, நாடே திரும்பிப் பார்த்தது இந்த இடத்தைத்தான். ஏன்?

முதல்ல ஊர்களைப் பாருங்க. நடுவுல ஒரு வட்டத் திடல். அதைச் சுத்தி, முகப்பு திடலைப் பார்த்த மாதிரி பெரிய பெரிய மரச்சட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டு நிலமும் பின்பக்கம் விரிஞ்சுக்கிட்டே போகும். இந்த வட்ட ஊர்களுக்கு ‘ருண்ட்லிங்’னு பேரு. தொடக்கம் 12ஆம் நூற்றாண்டு வாக்குல. இங்க குடியிருந்தவங்க வெண்டுகள்னு அழைக்கப்பட்ட ஸ்லாவிய மக்கள். அதனாலதான் இந்தப் பகுதியை இன்னைக்கும் ‘வெண்ட்லாண்ட்’னு சொல்றாங்க.

அவங்க பேசின மொழி போலாபியன். சுத்திலும் ஜெர்மன் பரவின பிறகும், இந்த ஒதுக்குப்புறத்துல அது 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் தாக்குப்பிடிச்சது. அழியப்போகுதுன்னு தெரிஞ்சு எழுதி வெச்சவங்க ரெண்டு பேர் முக்கியம். வூஸ்ட்ரோ ஊர்ப் பாதிரியார் கிறிஸ்டியன் ஹென்னிக் ஒரு அகராதி தொகுத்தார். ஸ்யூட்டன் கிராமத்து விவசாயி யோஹான் பாரும் ஷுல்ட்ஸே, தன் ஊர் வரலாற்றோட சேர்த்துச் சொற்களையும் குறிச்சு வெச்சார். இப்போ நமக்கு அந்த மொழி தெரியுதுன்னா, பெரும்பாலும் இப்படிப்பட்டவங்க புண்ணியம்.

அடுத்த திருப்பம் 1945. போர் முடியுற நேரத்துல டோமிட்ஸ் ஊர்கிட்ட எல்பே மேல இருந்த ரயில் பாலமும் சாலைப் பாலமும் குண்டுவீச்சுல உடைஞ்சது. அப்புறம் நாடே ரெண்டாச்சு. மாவட்டத்துக்கு வடக்கு, கிழக்கு, தெற்குன்னு மூணு பக்கமும் கிழக்கு ஜெர்மனி. வாசல் மேற்குல மட்டும்தான். தொழில் வரல, இளைஞர்கள் வெளியேறினாங்க. சாலைப் பாலம் திரும்ப வந்தது 1992ல. ரயில் பாலம் இன்னைக்கும் சிதைஞ்சுதான் நிக்குது.

ஆள் குறைவு, எல்லையோரம், பூமிக்கடியில பெரிய உப்புப் படிவம். 1977 பிப்ரவரியில மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெஷ்ட் அறிவிச்சார்: அணுக்கழிவு மையத்துக்கான இடம் இந்த மாவட்டத்துல இருக்கிற கோர்லேபன். எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையும் நிரந்தரக் கிடங்கும் இங்கேயே வரும்னு திட்டம்.

எதிர்ப்பு இருக்காதுன்னு நினைச்சிருந்தா அது தப்புக் கணக்கு. 1979 மார்ச்சில விவசாயிகள் டிராக்டரோட மாநிலத் தலைநகர் ஹனோவர் நோக்கிக் கிளம்பினாங்க. அவங்க வழியில இருக்கும்போதே அமெரிக்காவுல திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து! ஹனோவர்ல கூடின கூட்டம் சுமார் ஒரு லட்சம். ரெண்டே மாசத்துல, மறுசுத்திகரிப்பு ஆலையை அரசியல்ரீதியா நிறைவேத்த முடியாதுன்னு அதே ஆல்பிரெஷ்ட் சொல்லிட்டார்.

கிடங்குத் திட்டம் மட்டும் நிக்கல. 1980ல எதிர்ப்பாளர்கள் துளையிடும் இடத்துல குடிசை போட்டு ‘வெண்ட்லாண்ட் சுதந்திரக் குடியரசு’ன்னு அறிவிச்சாங்க, 33 நாள்ல காவல்துறை கலைச்சது. 1995ல இருந்து 2011 வரைக்கும் ‘காஸ்டர்’ங்கிற கழிவுக் கலங்கள் ரயில்ல வரும்போதெல்லாம் தண்டவாளத்துல உட்கார்ந்தாங்க. எதிர்ப்புச் சின்னமா, மரத்துல செஞ்ச மஞ்சள் நிற எக்ஸ் குறி வீட்டுக்கு வீடு நின்னுச்சு.

முடிவு வந்தது 2020 செப்டம்பர்ல. நிரந்தரக் கிடங்குக்கு நாடு முழுக்கப் புதுசா நடந்த தேடல்ல, நிலவியல் காரணங்களைச் சொல்லி கோர்லேபனைப் பட்டியல்லயே சேர்க்கல. அதாவது, நிலத்தடி எப்படிங்கிற கேள்வியை வரிசையா எல்லா இடத்துலயும் கேட்டுப் பார்த்தப்போ, இந்த இடம் முதல் சுற்றுலயே வெளியே போயிடுச்சு. 1977ல வரைபடத்துல ஓரமா தெரிஞ்சது வேற. மண்ணுக்குள்ள இருக்கிறது வேற.

ஆனா வெண்ட்லாண்டுக்கு இன்னும் விடுதலை இல்ல. 113 கழிவுக் கலங்கள் கோர்லேபன்ல தரைமேல இருக்கிற தற்காலிகக் கூடத்துலதான் இருக்கு. அதோட அனுமதி 2034ல முடியுது. நிரந்தர இடம் எதுன்னு ஜெர்மனி இன்னும் தேடிக்கிட்டிருக்கு. அந்தக் கலங்கள் எங்க போகணும்னு நீங்க நினைக்கிறீங்க? கருத்துல எழுதுங்க.