மன்னார்க் கழுதைகள் அசையாமல் நிற்பது ஏன்?

நம் மலையகத்து அக்கரப்பத்தனையில் கழுதை இல்லை. ஹோல்புரூக்கில் இல்லை, டயகமவிலும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் மட்டும் லயத்து முற்றத்திலும் வகுப்பறையிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் காதில் விழாத நாளில்லை. கண்ணால் பார்த்திராத ஒரு விலங்கின் பெயரால் நம் பிள்ளைகள் ஏச்சு வாங்கி வளர்கிறார்கள். அந்த விலங்கு தெருத்தெருவாகச் சுதந்திரமாகத் திரியும் தீவு ஒன்று இதே நாட்டில் இருக்கிறது. நம் முன்னோர்களில் பலர் தோணியை விட்டு இறங்கி முதன்முதலாக இலங்கை மண்ணை மிதித்ததும் அந்தக் கரையோரத்தில்தான்.

சென்ற வாரம் மன்னார் பள்ளிமுனையில், 19 மீட்டருக்கும் மேல் சுற்றளவுள்ள பெருக்க மரத்தடியில் நின்றிருந்தோம். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாக ஊர் நம்பும் மரம் அது. கழுதைகளும் அவர்களுடைய மரக்கலங்களில் வந்து இறங்கியவைதான் என்று மன்னார்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மரத்துக்கும் கழுதைக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதில் சந்தேகமே இல்லை. கழுதையை மனிதன் பழக்கியது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்கு ஆப்பிரிக்காவில் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையின் வாரிசுகள்தான் உலகத்துப் பொதி கழுதைகள் எல்லாம்.

மன்னாரில் திரிபவற்றைச் சிலர் காட்டுக் கழுதை என்கிறார்கள். அது சரியல்ல. நமக்குப் பக்கத்தில் காட்டுக் கழுதை இருப்பது குஜராத்தின் சிறிய ரண் பகுதியில். அது வேறு இனம், மனிதனுக்கு ஒருபோதும் அடங்காதது. மன்னாரில் இருப்பவை வீட்டுக் கழுதைகளின் வழிவந்தவை. லொறியும் ட்ராக்டரும் வந்த பிறகு சுமைக்குக் கழுதையைத் தேடாத காலம் வந்தது, கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவை தாமாகவே மேய்ந்து, தாமாகவே பெருகி, தமக்கென்று ஒரு சமூகத்தை அமைத்துக்கொண்டன. கற்பிட்டிப் பக்கமும் இதே கதைதான்.

அந்தச் சமூகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது தாயும் குட்டியும். கழுதை ஏறக்குறைய ஒரு வருடம் சினை சுமக்கிறது. ஒரு குட்டி ஈன்று, அதை விட்டு நகராமல் வளர்க்கிறது. சாம்பல் நிற முதுகில் பிடரியிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு, தோளில் அதற்குக் குறுக்காக இன்னொன்று. இயேசுவைச் சுமந்து எருசலேமுக்குள் போனதால் கிடைத்த சிலுவை அடையாளம் என்பது கத்தோலிக்கரின் பழைய நம்பிக்கை. சற்றுத் தள்ளி இரண்டு கழுதைகள் ஒன்றின் முகம் மற்றதன் வால்பக்கம் பார்க்குமாறு நிற்கும். ஒன்றன் கழுத்தடியை மற்றது முன்பற்களால் மெல்லக் கடித்துச் சொறிந்துகொடுக்கும். இந்தச் சோடி பெரும்பாலும் மாறுவதில்லை. கழுதைகளுக்கு நட்பு உண்டு. சோடியில் ஒன்று செத்துவிட்டால் மற்றது உடலின் அருகே வெகுநேரம் நின்றுவிடும். இரை எடுக்காமல் நோயில் விழுவதும் உண்டு. அதனால்தான் கழுதை வளர்ப்பவர்கள் செத்த கழுதையை உடனே இழுத்துப் போவதில்லை. கூட்டாளி முகர்ந்து பார்த்து, தானாக விலகிப் போகும்வரை விட்டுவைக்கிறார்கள்.

ஆண் கழுதையின் நடத்தை வேறு. வழியில் கிடக்கும் சாணத்தை முகரும். பிறகு தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, பல் தெரிய அப்படியே நிற்கும். பார்ப்பவர்கள் கழுதை சிரிக்கிறது என்பார்கள். உண்மையில் அது வாசனையை மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்புக்கு இழுத்து, கடந்துபோன பெட்டை பருவத்தில் இருக்கிறதா என்று சோதிக்கிறது. பிறகு அதே இடத்தில் தானும் சாணமிடும். இப்படிச் சேரும் குவியல்கள் இது யாருடைய பகுதி என்பதற்கான அறிவிப்பு. கத்துவதும் அறிவிப்புத்தான், வெட்டவெளியில் அந்தக் குரல் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும்.

1970களில் பட்ரீசியா மொல்மன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இப்படித் திரியும் கழுதைகளை ஆராய்ந்தார். ஒன்று கலிபோர்னியாவின் வறண்ட மரணப் பள்ளத்தாக்கு. மற்றது ஜோர்ஜியா கரையோரத்தின் பசுமையான ஒசபா தீவு. பாலைநிலத்தில் கழுதைகள் சிதறி வாழ்ந்தன. தாய்க்கும் குட்டிக்கும் உள்ள உறவைத் தவிர வேறு எதுவும் நிலைக்கவில்லை. வலிமையான ஆண் நீர்நிலையை ஒட்டி ஒரு பகுதியைக் காத்து நின்றது. அடங்கி நடந்த மற்ற ஆண்களை அது விரட்டவும் இல்லை. புல் மண்டிய தீவிலோ ஓர் ஆணும் சில பெட்டைகளும் குட்டிகளுமாகக் கூட்டங்கள் நிலைத்திருந்தன. விலங்கு ஒன்றுதான், தீனியும் தண்ணீரும் கிடைக்கும் விதம் மாறியதும் வாழ்க்கை முறையே மாறிவிட்டது. இத்தனை வளைந்து கொடுக்கும் ஒரு பிராணியைப் பிடிவாதத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் உதாரணம் காட்டுவது பெரும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

வறட்சியைத் தாங்குவதில் கழுதைக்கு நிகர் ஒட்டகம்தான். உடல் எடையில் கால்வாசிக்கு மேல் நீர் வற்றினாலும் சமாளித்து, தண்ணீரைக் கண்டதும் சில நிமிடங்களில் குடித்து ஈடுசெய்துவிடும். அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் அவை குளம்பால் மணலைத் தோண்டி நிலத்தடி நீரை எட்டுகின்றன. அந்தக் குழிகளில் மான்களும் பறவைகளும் வந்து நீர் அருந்துவதை 2021இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். மணலும் உப்புக்காற்றும் உடை மரமும் பனையுமான மன்னார் கழுதைக்கு அந்நிய நிலமல்ல.

அக்கரப்பத்தனையில் ஏன் கழுதை இல்லை என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. குதிரையின் உரோமத்தைப் போலக் கழுதையின் உரோமம் மழையைத் தடுக்காது. நனைந்தால் நீர் தோல்வரை இறங்கிவிடும். விடாத ஈரத்தில் குளம்பு மென்மையாகி அழுகும். நம் தூறலிலும் பனியிலும் ஒரு கழுதை ஒரு பருவம் தாங்குவதே சிரமம். இங்கே கொழுந்தைச் சுமக்கும் வேலை பெண்களின் தலைக்கும் முதுகுக்குமே வந்து சேர்ந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்ற பழமொழியைச் சொன்னவர்கள் இந்த விலங்கை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்: வெயிலிலும் மழையிலும் அது ஒதுங்க இடம் தேடும், பாதி இடிந்த சுவர் கிடைத்தாலும் அதன் ஓரமாகப் போய் நிற்கும்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குதிரை திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்த விலங்கு. பயம் வந்தால் ஓடும். கழுதையின் மூதாதை கல்லும் பள்ளமுமான மலைப்பாலையில் பெரும்பாலும் தனித்தே மேய்ந்தது. அங்கே தலைதெறிக்க ஓடினால் கால் முறியும். ஆகவே ஆபத்து என்று தோன்றியதும் கழுதை முதலில் நிற்கும்; காதை அந்தத் திசைக்குத் திருப்பும்; என்ன ஏது என்று புரிந்த பிறகே விலகும், அல்லது உதைக்கும். நாய் விரட்டினாலும் இதுதான். பாறைகளுக்கு நடுவே இந்தக் குணம் அதன் உயிரைக் காத்தது. தார்ச்சாலையில் இதே குணம் அதைக் கொல்கிறது.

மன்னாரில் கழுதைகள் வாகனங்களில் அடிபடுவது வாடிக்கையாகிவிட்டது. மாரி மழையில் தாழ்நிலங்களில் நீர் தேங்கும்போது, உயரமாகவும் காய்ந்தும் இருப்பது வீதிதான். சாம்பல் நிற உடல் இரவில் தாரோடு தாராக மறைந்துவிடுகிறது. அடிபட்டுக் கால் உடைந்தவற்றுக்கும், குப்பையில் பொலித்தீனைத் தின்று வயிறு அடைத்தவற்றுக்கும் வெகுகாலம் கேட்பாரில்லை. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கென்றே சிகிச்சை நிலையமும் கல்வி நிலையமும் தொடங்கிய பிறகுதான் நிலைமை சற்று மாறியது. விசேட தேவையுள்ள பிள்ளைகளை அங்கே கழுதைகளோடு பழகவும் விட்டார்கள். அவசரமில்லாத, சட்டென்று துள்ளாத அதே குணம் அந்தப் பிள்ளைகளுக்கு இதமாக இருந்தது. கழுதைகளின் பாதுகாப்பை நகரசபையும் வீதி அதிகாரிகளும் கையில் எடுக்க வேண்டும். கழுத்தில் ஒளியைத் திருப்பும் பட்டி கட்டுவதும், மூடியுள்ள குப்பைத் தொட்டி வைப்பதும் பெரிய செலவல்ல.

நாமும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆவணியில் மடு மாதாவுக்கும் சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்துக்கும் நம் தோட்டங்களிலிருந்து வான்கள் புறப்படுகின்றன. பலர் மன்னார்ப் பாலத்தைத் தாண்டித் தலைமன்னார்வரை போய்த் திரும்புகிறார்கள். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துப் பழகியவர்கள் நம் சாரதிகள். மன்னாரில் அந்தப் பழக்கம் உதவாது. ஹோர்ன் சத்தம் கேட்டால் கழுதை இன்னும் உறுதியாக நின்றுவிடும். வேகத்தைக் குறையுங்கள், விளக்கைத் தாழ்த்துங்கள், ஹோர்னிலிருந்து கையை எடுங்கள். தாய் வீதியைக் கடந்துவிட்டாலும் உடனே வண்டியை எடுக்காதீர்கள்; குட்டி பின்னால் வரும்.

அடுத்த வாரம் நெடுந்தீவுக்குப் படகு ஏறுவோம். அங்கே திரிபவை குதிரைகள்.

(தொடரும்)