எந்த வாட்ச் விலை ஏறும் என்பது கிடக்கட்டும், பில் எங்கே?

"சார், இன்னும் இருபது வருஷத்தில் எந்த வாட்ச் கலெக்டர் அயிட்டம் ஆகும்?" என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாட்சை ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். மணிக்கட்டில் எட்டு லட்சமோ பன்னிரண்டு லட்சமோ பெறும் சுவிஸ் வாட்ச் இருக்கும். பில்லைக் காட்டுங்கள் என்றால் பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் வரும். "வாட்ச் - 1, ரொக்கம்", கீழே ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். மாடல் எண், சீரியல் நம்பர், ஜிஎஸ்டி எண் எதுவும் இருக்காது. சிலரிடம் அந்தத் தாள்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவும் "அண்ணன் ரொம்பத் தெரிஞ்சவர்" என்ற நம்பிக்கையும்தான் ஆவணம். மிக்சி வாங்கினால் வாரன்டி அட்டையில் கடை முத்திரை விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறவரும் இவரேதான்.

ஆரூடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அந்த வகை டயல் கடைக்கு வந்த காலத்தில் சீந்துவாரில்லை. 1972இல் வந்த ஆடெமார் பிகே ராயல் ஓக்கைப் பார்த்து "எஃகு வாட்சுக்கு இந்த விலையா?" என்று கேட்டார்கள், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் விற்றது. மறுபக்கம், 2015இல் ஆப்பிள் 18 காரட் தங்கத்தில் 17,000 டாலர் வரை விலைவைத்து ஒரு வாட்ச் விற்றது. 2018 முதல் அதற்குப் புதிய மென்பொருளே கிடையாது. பட்டேக் பிலிப் நாட்டிலஸ் 5711ஐ நிறுத்தப்போவதாக 2021இல் அறிவிப்பு வந்ததும் வெளிச்சந்தை விலை கடை விலையைப் போலப் பல மடங்கு ஏறியது. அந்த உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவர்கள் 2022இல் விலை சரிந்தபோது விழித்துக்கொண்டு நின்றார்கள்.

'லிமிடெட் எடிஷன்' என்று கம்பெனியே அச்சடித்துத் தருவதை நம்பாதீர்கள். பெயர்பெற்ற தயாரிப்பாளர், உண்மையிலேயே குறைந்த எண்ணிக்கை, நிறுத்தப்பட்ட மாடல், பாலிஷ் போடாத கேஸ், மாற்றாத டயல்: இவை இருந்தால் வாய்ப்பு உண்டு. அவற்றோடு பெட்டி, அட்டை, பில் எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். நாளை விலையைத் தீர்மானிப்பவற்றில் இன்று உங்கள் கையில் முழுதாக இருப்பது இந்தக் காகிதம்தான்.

சந்தை விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123ஆவது பிரிவைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. பொதுவாகக் குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தப் பிரிவு அதைத் தலைகீழாக்குகிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் பொருளை வைத்திருந்தவர். எந்தெந்தப் பொருளுக்கு? சட்டமே பெயர் சொல்லி வைத்திருப்பவை தங்கமும் வாட்சும்தான். விமான நிலையத்தில் மட்டுமில்லை, உங்கள் வீட்டு அலமாரியில் எடுத்தாலும் இதே கதை. "வாட்ச் - 1, ரொக்கம்" என்ற தாள் அங்கே எதையும் நிரூபிக்காது.

பில்லில் என்ன இருக்க வேண்டும்? விற்பவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், உங்கள் பெயர், பிராண்ட், மாடல் எண், சீரியல் நம்பர், நீங்கள் உண்மையில் கொடுத்த முழுத் தொகை. சீரியல் நம்பரைக் கடைக்காரர் வாசிக்க நீங்கள் தலையாட்டாதீர்கள், உங்கள் கண்ணால் பாருங்கள். ரோலெக்ஸின் புதிய வாட்ச்களில் கண்ணாடிக்குள் டயலைச் சுற்றியுள்ள வளையத்தில், ஆறு மணிப் பக்கம் பொடியாகப் பொறித்திருக்கும். பழையவற்றில் ஆறு மணிப் பக்கம் ஸ்ட்ராப்பைக் கழற்றினால் இரண்டு கொம்புகளுக்கு நடுவே இருக்கும். அந்த எண்ணும் வாரன்டி அட்டையில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால் அட்டை மட்டும் போதாது.

பழைய வாட்ச் வாங்கினால் விற்பவருடைய அசல் பில்லைக் கேளுங்கள். வெளிநாட்டில் வாங்கி வந்தது என்றால் தீர்வை கட்டிய ரசீதையும் கேளுங்கள். விற்பவர், வாங்குபவர் இருவரின் அடையாள அட்டை எண்ணும் வாட்சின் சீரியல் நம்பரும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட விற்பனைக் கடிதம் ஒன்று வேண்டும். பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். திருட்டு வாட்சா என்று பார்க்க லண்டனில் 'தி வாட்ச் ரெஜிஸ்டர்' என்ற பதிவகம் இருக்கிறது. சீரியல் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டித் தேடலாம். திருட்டுப் பொருள் என்றால், அறியாமல் வாங்கியிருந்தாலும் வாட்ச் கையை விட்டுப் போகும்.

"பாதி ரொக்கமா கொடுங்க, பில்லைக் குறைச்சுப் போட்டுடலாம்" என்கிற கடைக்காரர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. ஒரே வியாபாரத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ கடைக்காரர் ரொக்கமாகப் பெறக் கூடாது. தவணை தவணையாகப் பிரித்து வாங்கினாலும் தப்பிக்க முடியாது. அபராதம் ரொக்கத்தைப் பெற்றவருக்குத்தான், உண்மை. ஆனால் பில்லில் உள்ள தொகைதான் நாளை நுகர்வோர் ஆணையத்திலும் இன்ஷூரன்ஸிலும் சுங்கத்திலும் செல்லும். 2025 ஏப்ரல் 22 முதல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் ஒரு சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அது வீண் போவதில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இந்த ஒரு சதவீதத்துக்குப் பயந்து பில்லை விடுகிறவர்களை என்ன சொல்வது!

இனி விமான நிலையம். இங்கே வாங்கிய வாட்சைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூரோ துபாயோ போகிறீர்களா? கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் வாட்சைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். "இதுக்கெல்லாம் யார் சார் வர்றாங்க" என்று கவுன்டரில் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும், வாங்கிக்கொண்டே போங்கள். வெளிநாட்டில் வாங்கி வருகிறவர்கள் சிவப்பு வழியில் போய் பில்லைக் காட்டித் தீர்வை கட்டுங்கள். கையில் கட்டியிருப்பதாலேயே 'சொந்த உபயோகம்' என்று பச்சை வழியில் நடந்துவிட முடியாது.

அதிகாரிகள் வாட்சைப் பிடித்துவிட்டால், கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் மாடலும் சீரியல் நம்பரும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்குங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் சறுக்கும் இடம் இது: "விளக்கம் கேட்கும் நோட்டீஸ் எனக்கு வேண்டாம்" என்று முன்கூட்டியே அச்சடித்த தாளை நீட்டினால் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இப்படி அச்சடித்து வாங்கும் ஒப்புதல் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லிவிட்டது. பொருளைக் கைப்பற்றினால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்து, உங்களுக்கும் தெரிவித்தால்தான் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள் நோட்டீஸ் வராவிட்டால் பொருளைத் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. பறிமுதல் ஆணை வந்தால், அது கைக்குக் கிடைத்த 60 நாளுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) மனுச் செய்யுங்கள். "தெரிஞ்ச ஆள் மூலமா பேசிக்கிட்டிருக்கேன்" என்று அந்த 60 நாளைக் கரைத்துவிட்டு வருகிறவர்களுக்கு உதவுவது கடினம்.

கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை; பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது வரை 400, ஐம்பது வரை 1,000. இரண்டு ஆண்டுக்குள் 'இ-ஜாக்ரிதி' தளத்திலேயே மனுப் போடலாம். ஆனால் "முதலீட்டுக்காக வாங்கினேன், பிறகு விற்கலாம் என்றிருந்தேன்" என்று கடைக்கு அனுப்பும் மெயிலில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மறுவிற்பனைக்கு வாங்குகிறவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். நிஜமாகவே வாங்கி விற்கிற வியாபாரி என்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி, பொய் சொல்லி ஆணையத்துக்குப் போகாதீர்கள்.

"இந்த மாடல் வேணும்னா முதல்ல அந்த ரெண்டு வாட்சை எடுங்க" என்று ஷோரூமில் சொல்கிறார்களே, ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவது நுகர்வோர் சட்டத்தின் 2(41) பிரிவில் வரும் கட்டுப்பாட்டு வணிக முறை. வாயால் சொன்னால் நிற்காது. மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இணையத்தில் பணம் போட்டு வாட்ச் வராவிட்டால் அன்றைக்கே 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. "நாளைக்கு அனுப்பிடுவார்" என்று ஒரு வாரம் காத்திருந்தால் இல்லை. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். முதற்கட்ட விசாரணை என்றால் அதற்கும் 14 நாள்தான் கெடு. பதியாவிட்டால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அதைச் சாட்சியமாகக் காட்ட சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவில் சொன்ன சான்றிதழ் வேண்டும். வக்கீலிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் உங்கள் கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி எழுதுங்கள்: "கேஸ் பாலிஷ் செய்யக் கூடாது. கேட்காமல் டயல், முள் மாற்றக் கூடாது; மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்." பழைய பாகம் தரமாட்டோம் என்று சில சர்வீஸ் சென்டர்கள் சொல்லும். அப்படியானால் வாட்சைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லட்டும், நீங்களும் கொடுப்பதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். அந்த ஜாப் ஷீட்டின் நகலும் பில்லோடு அதே உறைக்குள் போக வேண்டும்.