நள்ளிரவில் மணி ஒலித்த சத்திரம்

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் பேருந்து ஒரத்தநாட்டைக் கடந்தே போகும். அங்கே உள்ள பழைய முத்தாம்பாள் சத்திரத்தை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? இன்று சாலையோர உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. கையில் காசு இருந்தால் போதும். காசில்லாதவரும் வழியில் வயிறார உண்ட காலத்தின் கதையைச் சற்றுக் காண்போம்.

அந்நாளில் இராமேசுவரம் செல்வோர் மாதக்கணக்கில் நடந்தனர். அவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் சத்திரங்களைக் கட்டி, அவற்றின் செலவுக்கென நெல் விளையும் நிலங்களையும் விட்டனர். அவற்றுள் பல அரண்மனைப் பெண்மணிகளின் பெயரைத் தாங்கியவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள். முத்தாம்பாள் இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவர்.

1799-இல் ஆட்சி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குச் சென்றது. சத்திரங்களைக் காக்க வேண்டி, 1801-இல் சரபோஜி ஆங்கிலேய அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். எல்லாச் சாதியாருக்கும் உணவு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவருக்கு அரிசி உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவரை அழைத்து உணவளிப்பர். நோயுற்ற பயணிக்கு மருந்தும் பத்தியமும் தருவர். அங்கே பிள்ளை பெற்ற தாய் மூன்று மாதம் தங்கலாம். அநாதைக் குழந்தைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்துப் படிக்க வைப்பர். இவையெல்லாம் அக்கடிதம் கூறும் செய்திகள்.

காலம் மாறியது. 1855-இல் மன்னர் மரபு முடிவுற்றதும் சத்திரங்கள் அரசின் பொறுப்புக்கு வந்தன. பின்னர் ஜில்லா போர்டு அவற்றை நடத்தியது. 1860-களில் நாகப்பட்டினம்–திருச்சி இரயில் ஓடத் தொடங்கியது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் கால்நடைப் பயணிகள் அருகினர். ஊர்தோறும் காப்பிக் கடைகள் பெருகின. சத்திரத்தின் அன்னம் மாணவர் விடுதிக்குத் திரும்பியது.

ஆனால் அவ்விடுதியின் கதவு எல்லா மாணவருக்கும் திறந்திருக்கவில்லை. எல்லோருக்கும் சோறிட எழுந்த அறம், ஒரு சாராருக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியிருந்தது! 1920-களில் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்கள் அக்கதவைப் பிற சமூக மாணவருக்கும் திறந்துவிட்டார். சத்திர நிதியில் நடந்த திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழும் கற்பிக்க வழிசெய்தார். கத்தோலிக்கரான அப்பெரியார் 1940-இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் திறந்த வாயிலில் நுழைந்து கற்றவர் பலர்.

கட்டடம் கட்டுவது எளிது. அதன் கதவை யாவர்க்கும் திறந்து வைப்பதே அரிது. இதுவே ஒரத்தநாடு நமக்குக் கற்பிக்கும் பாடம். நண்பகலில் நம் பள்ளி மணியும் ஒலிக்கிறது. தோழியரே, அப்போது உணவுப் பொட்டலம் கொண்டு வராமல் குழாயடியில் நீர் அருந்திவிட்டுத் திரும்பும் ஒருத்தி நம் வகுப்பில் இருக்கக்கூடும். உண்ணாதவரைத் தேடி அழைத்த அந்த நள்ளிரவு மணியை நினைவில் கொண்டு, நாமும் அவளைத் தேடி அழைப்போமாக!