வளர்வது குழந்தை மட்டுமா?

குழந்தை எந்த மாதத்தில் குப்புற விழுந்தது, எப்போது தவழ்ந்தது, முதற்பல் என்று முளைத்தது என்பதெல்லாம் அதன் உம்மாவுக்கு மனப்பாடம். பள்ளியில் சேர்ந்த பின்னர் மதிப்பெண் பட்டியல் அந்தக் கணக்கைத் தொடர்கிறது. இருபது வயதை எட்டியதும் "ஆள் வளர்ந்தாயிற்று" என்று கணக்கை மூடிவிடுகிறோம். அதன்பின் மனிதன் பொருளீட்டுகிறான், மணம் புரிகிறான், முதுமை அடைகிறான். ஆனால் அவன் வளர்கிறானா?

"ஆம், இறுதி மூச்சு வரை வளர்கிறான்" என்று விடை பகர்ந்தவர் உளவியல் அறிஞர் எரிக் எரிக்சன். அவர் சொன்னதைச் சற்று ஆழ்ந்து நோக்கினால், நம் வீட்டில் நாள்தோறும் நிகழும் பல சச்சரவுகளின் வேர் நமக்குப் புலப்படும்.

'நான் யார்?' என்று கேட்ட சிறுவன்

எரிக்சன் 1902இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிறந்தார். பெற்ற தந்தை யாரென்பதை அவர் இறுதி வரை அறிந்ததில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண்மணியான அவருடைய தாய், பின்னர் குழந்தை மருத்துவர் ஒருவரை மணந்தார். பொன்னிற முடியும் உயர்ந்த உடலும் கொண்ட எரிக்கை யூதச் சிறுவர்கள் அன்னியன் என்று கேலி செய்தனர். பள்ளிச் சிறுவர்களோ யூதன் என்று ஒதுக்கினர். தாம் யாரென்று தெரியாத தவிப்போடு, பல்கலைக்கழகம் செல்லாமல் ஓவியம் வரைந்தபடி ஊர் ஊராகத் திரிந்தார்.

1927இல் வியன்னாவுக்கு வந்து ஒரு சிறு பள்ளியில் ஆசிரியரானார். அங்கேதான் சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயின்றார். 1933இல் அமெரிக்காவில் குடியேறினார். 1939இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபோது 'எரிக்சன்' என்ற பெயரைத் தாமே சூடிக் கொண்டார். 'எரிக்கின் மகன்' என்பது அதன் பொருள். பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமில்லாத அவரை 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பேராசிரியராக ஏற்றது.

1950இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்னும் பொருள்படும் நூலில், மனித வாழ்வை எட்டு நிலைகளாக அவர் வகுத்தார். ஒவ்வொரு நிலையிலும் ஒரு கேள்வி நம்மை எதிர்கொள்கிறது. அதற்குச் சுற்றியிருப்போர் அளிக்கும் பதிலைப் பொறுத்தே உள்ளம் உரம் பெறுகிறது என்பது அவர் கருத்து.

மழலை முதல் வாலிபம் வரை

முதல் ஓராண்டில் குழந்தையின் கேள்வி, "இந்த உலகை நம்பலாமா?" என்பதே. பசித்து அழும்போது பாலும், அஞ்சி அழும்போது அணைப்பும் கிடைத்தால் அது நம்பக் கற்கிறது.

இரண்டு, மூன்று வயதில், "நானே செய்யலாமா?" என்கிறது. தானே சட்டையை மாட்டுவேன் என்று பிள்ளை அடம்பிடிப்பது முரட்டுத்தனமன்று. அதுவே தற்சார்பின் முதற்படி. அவ்வயதில் படுக்கையை நனைத்ததற்காகப் பிறர் முன்னிலையில் ஏளனம் செய்தால், வெட்கமும் தன்மீதே ஐயமும் நெஞ்சில் படியும்.

பள்ளி செல்லுமுன் உள்ள பருவம் ஓயாத வினாக்களின் பருவம். புதிய விளையாட்டுகளை அது தானே தோற்றுவிக்கும். "சும்மா இரு" என்று ஒவ்வொரு முறையும் அடக்கினால், முயல்வதே குற்றமென்று குழந்தை எண்ணத் தொடங்கும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை, "என்னால் முடியுமா?" என்ற கேள்வி. மாமா மகனின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசும் ஒவ்வொரு சொல்லும் இப்பருவத்தில் தாழ்வுணர்ச்சிக்கு உரமாகிறது. ஒரு கைவேலையை முழுமையாய்ச் செய்து முடித்துப் பாராட்டுப் பெறும் பிள்ளையோ உழைப்பில் இன்பம் காண்கிறது.

அடுத்து வருவது வாலிபத்தின் வாசல். எரிக்சன் தம் இளமையில் சுமந்து திரிந்த "நான் யார்?" என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது. பதினைந்து வயதில் மகன் கதவைத் தாழிட்டுக் கொள்கிறான். மகள் எதிர்த்துப் பேசுகிறாள். பெற்றோர் மனம் புண்படுகிறது. ஆனால் பெரும்பாலும் அது பெற்றோரை வெறுப்பதன் அடையாளமன்று; தன்னைத் தேடுவதன் அடையாளம்.

விடுபட்ட ஒரு நிலை

இளமையில் எழும் ஆறாவது கேள்வி, "இன்னொருவரோடு என் வாழ்வைப் பகிர முடியுமா?" என்பது. தன்னை ஓரளவேனும் அறிந்தவரே தன்னைப் பிறருக்கு அளிக்க இயலும். இல்லையேல் ஒரே கூரையின் கீழ் இருவர் வாழ்ந்தாலும் தனிமையே எஞ்சும்.

ஏழாவது நிலை பற்றிச் சுவையான செய்தி ஒன்றுண்டு. எரிக்சனும் அவர் துணைவியார் ஜோனும் சேர்ந்தே இந்த அட்டவணையை உருவாக்கினர். முதலில் அதில் ஏழு நிலைகளே இருந்தன. இளமைக்கு அடுத்து நேரே முதுமை! ஒரு பயணத்தின்போதுதான் ஜோனுக்குப் பொறி தட்டியது. பிள்ளைகளை வளர்த்துக் கொண்டு, நடுவயதில் நின்ற அவ்விருவருக்கும் அட்டவணையில் இடமே இல்லை! பிறரை வளர்ப்பதில் மூழ்கியவர்கள், தாங்களும் வளர்கிறோம் என்பதை மறந்து போயிருந்தார்கள்.

அந்த இடத்தில்தான் 'பேணி வளர்த்தல்' என்னும் நிலை சேர்ந்தது. "எனக்குப் பின் வருவோர்க்கு நான் எதை விட்டுச் செல்கிறேன்?" என்பது அதன் கேள்வி. பெற்ற பிள்ளைகள் மட்டுமின்றி, கற்பிக்கும் மாணவரும், தொழில் பழகும் இளைஞரும், நட்ட மரமும் இதில் அடங்கும். தனக்காக மட்டுமே வாழ்பவரின் உள்ளம் தேங்கிய குட்டையாகிவிடும்.

வெளிநாட்டில் பொருளீட்டும் வாப்பாக்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். அனுப்பும் பணம் குடும்பத்தைத் தாங்குகிறது, ஐயமில்லை. ஆயினும் தொலைபேசியில் "எவ்வளவு மார்க்?" என்பதோடு நிறுத்தாமல், மகன் சொல்வதைப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்பதும் பேணுதலே. அதில் வளர்வது மகன் மட்டுமல்லன், வாப்பாவும்தான்.

மாலைப் பொழுதின் கேள்வி

எட்டாவது நிலை முதுமை. "நான் வாழ்ந்தது பொருளுள்ள வாழ்வா?" என்று உள்ளம் திரும்பிப் பார்க்கிறது. பெற்றதையும் இழந்ததையும் ஒருங்கே ஏற்பவருக்கு நிறைவு. ஏற்க இயலாதவருக்குக் கசப்பு. வாப்பும்மா ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்லும்போது நாம் முகம் சுளிக்கிறோம். அவர் கதை சொல்லவில்லை. தம் வாழ்வுக்குக் கணக்குப் பார்க்கிறார். அதற்கு ஒரு செவி வேண்டும்.

எரிக்சன் 1994இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார். தொண்ணூறைக் கடந்திருந்த ஜோன், ஒன்பதாம் நிலை ஒன்றைத் தம் அனுபவத்திலிருந்து எழுதிச் சேர்த்தார். 1997இல் அது நூலாயிற்று. உடல் தளரும்போது பழைய கேள்விகள் அனைத்தும் மீண்டும் வந்து நிற்கின்றன என்றார் அவர். என் கால்களை நான் நம்பலாமா? நானே செய்ய முடியுமா? நான் யார்? படுக்கையை நனைத்துவிட்ட முதியவரின் கண்ணில் தெரியும் வெட்கம், இரண்டு வயதுக் குழந்தையின் வெட்கமே. குழந்தைக்குத் தேவைப்பட்ட கனிவு அவருக்கும் தேவை.

எரிக்சனின் வகுப்பில் குறைகளும் சுட்டப்பட்டுள்ளன. மேலைநாட்டு வாழ்வையே பெரிதும் கருதி எழுதப்பட்டது என்பர். இந்த வயதில் இது என்று கோடு கிழிக்கவும் இயலாது. ஆயினும் ஒரு நிலையில் தவறவிட்டதைப் பின்னொரு நிலையில் ஈடு செய்யலாம் என்னும் நம்பிக்கையை அது தருகிறது. சிறுவயதில் ஏளனம் கேட்டு வளர்ந்தவரும் ஒரு நல்ல துணையால் நிமிரலாம்.

பெற்றோர்களே! மழலையும் வாலிபமும் நடுவயதும் முதுமையும் ஒரே வீட்டில் வாழ்கின்றன. ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. இன்றிரவு உணவுக்குப் பின், பேரப்பிள்ளையை வாப்பும்மாவின் அருகே அமர்த்திக் கதை கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் உடன் அமருங்கள். மூன்று தலைமுறையும் ஒருசேர வளர்வதைக் காண்பீர்கள்!