கமலா கான் முதல்ல வந்தது எந்த இதழ்ல?

இன்னைக்கு எபிசோட் என் அலமாரியில இருக்குற ஒரே ஒரு காமிக்ஸ் புத்தகத்தைப் பத்தி. கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள்ள சீல் வெச்சு இருக்கு. வாங்கின புதுசுல ஒரே ஒரு தடவை படிச்சேன். இனிமே படிக்கணும்னா உறையை உடைக்கணும். உடைச்சா அதுக்கு மேல ஒட்டியிருக்குற மதிப்பெண் செல்லாது.

அது 'கேப்டன் மார்வெல்' 14ஆம் இதழ். 2013ல வந்தது. உள்ளே ஓர் இடத்துல, பேர்கூட சொல்லாம, ஒரு பொண்ணு வந்துட்டுப் போவா. அவதான் கமலா கான். அதனால மட்டும்தான் இந்தப் புத்தகத்துக்கு விலை.

கமலாவைத் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். பாகிஸ்தானியக் குடும்பத்துப் பொண்ணு, ஊர் அமெரிக்காவுல ஜெர்சி சிட்டி. கேரோல் டான்வர்ஸ்னு ஒரு சூப்பர் ஹீரோயினோட பரம ரசிகை. தனக்கே சக்தி வந்ததும் கேரோல் முன்னாடி வெச்சிருந்த 'மிஸ் மார்வெல்' பேரை எடுத்துக்குவா. ஜி. வில்லோ வில்சன் எழுதி ஏட்ரியன் அல்ஃபோனா வரைஞ்ச அவளோட தனித்தொடர் 2014 பிப்ரவரியில ஆரம்பிச்சது. அதோட முதல் தொகுதி 'நோ நார்மல்' 2015ல ஹ்யூகோ விருது வாங்கிச்சு.

2022ல ப்ராஜெக்டுக்காக நானும் அதே ஜெர்சி சிட்டியிலதான் இருந்தேன். நியூவார்க் அவென்யூ பக்கம் சாம்பார் பொடி வாங்கப் போவேன். நம்ம மாதிரி முகம், நம்ம மாதிரி அம்மா அப்பா, நான் நடக்குற அதே ஊர்ல பறந்து சண்டை போடுற ஒருத்தினா ஒட்டாம இருக்குமா? (பறக்க மாட்டா, கை கால் பெருசாகும். கமெண்ட்ல திட்டாதீங்க.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். காமிக்ஸ் சேகரிக்கிறவங்க கிட்ட 'கீ இஷ்யூ'னு ஒரு சொல் இருக்கு. கதையில முக்கியமான ஒண்ணு நடந்த இதழ்னு வெச்சுக்கலாம். அதுலயும் எல்லாத்துக்கும் மேல ஒரு பாத்திரம் முதன்முதலா வந்த இதழ். கதை நல்லா இருக்கணும்னு அவசியமே இல்ல. வொண்டர் வுமன் முதல்ல வந்தது 1941 கடைசியில, 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 8ஆம் இதழ்ல. அட்டையில அவ கிடையாது, உள்ளே கூடுதலா சேர்த்த ஒரு சின்னக் கதையிலதான் வர்றா. அந்தக் காலத்துல காமிக்ஸ்னா குழந்தைங்க படிச்சுட்டுத் தூக்கிப் போடுற பத்து சென்ட் சமாச்சாரம். இரண்டாம் உலகப் போர் சமயத்துல பழைய பேப்பரைத் திரட்டினப்போ அதுல போனது எக்கச்சக்கம். அதனால அது இன்னைக்கு கிழிஞ்ச நிலையில கிடைச்சாலும் பல ஆயிரம் டாலர்.

அங்கே அரிதுங்கிறது இயற்கையா நடந்தது. யாரும் திட்டம் போடல. 2013ல நிலைமையே வேற. எல்லாரும் வாங்கின அன்னைக்கே பையில போட்டு, பின்னாடி அட்டை வெச்சுப் பத்திரப்படுத்துறாங்க. புதுசா, மடிப்பு கலையாம ஆயிரக்கணக்குல இருக்கு. அப்போ விலை எங்கேர்ந்து வரும்? இங்கேதான் கமலா கேஸ் சுவாரஸ்யமாகுது.

அவளோட 'முதல் இதழ்' எதுன்னு கேட்டா மூணு நாலு பதில் வரும். கூட்டத்துல ஒருத்தியா தலை காட்டினது 'கேப்டன் மார்வெல்' 14. மிஸ் மார்வெலா முழுசா ஒரு கதையில வந்தது 2014 ஜனவரியில 'ஆல்-நியூ மார்வெல் நவ்! பாயின்ட் ஒன்' இதழ். சொந்தத் தொடரோட ஒண்ணாம் இதழ் அடுத்த மாசம். இதுக்கு நடுவுல 'கேப்டன் மார்வெல்' 17னு ஒண்ணு இருக்கு. அதோட முதல் அச்சு அட்டையில கமலா இல்ல. மறுபடி அச்சடிச்சப்போ அட்டையை மாத்தி, மிஸ் மார்வெல் உடையில கமலாவைப் போட்டாங்க. அவ உடையோட அட்டையில வந்தது அதுலதான் முதல்ல.

புத்தகம் சேகரிக்கிறவங்க கிட்ட கேளுங்க, முதல் பதிப்புக்குத்தான் மதிப்பு, மறுபதிப்பை யார் சீந்துவாங்கம்பாங்க. இங்கே தலைகீழ். கமலா வேட்டையில எல்லாரும் அலையுறது அந்த 17ஆம் இதழோட இரண்டாம் அச்சுக்குத்தான். மறுபதிப்புங்கிறது கடைக்காரங்க திரும்பக் கேட்ட அளவுக்கு மட்டும் அடிக்கிறது. எண்ணிக்கை கம்மி. அப்போ அதை யாரும் பொக்கிஷமா நினைச்சு நாலு காப்பி வாங்கி வைக்கல. அதனால இன்னைக்கு கிடைக்க மாட்டேங்குது. அரிதா இருக்கணும், அட்டையில ஆள் இருக்கணும், 'இதுதான் முக்கியம்'னு சேகரிக்கிற கூட்டம் ஒத்துக்கணும். இதுல மூணாவதுதான் நம்ம கையில இல்லாதது.

கேரோல் டான்வர்ஸுக்கும் இதே குழப்பம் உண்டு. அவ சாதாரண மனுஷியா வந்தது 1968ல 'மார்வெல் சூப்பர்-ஹீரோஸ்' 13. மிஸ் மார்வெலானது 1977ல, கேப்டன் மார்வெலானது 2012ல. மூணுக்கும் தனித்தனியா ஆள் இருக்காங்க. ஆனா என்னை உறுத்துறது வேற ஒண்ணு. 1981ல வந்த 'அவெஞ்சர்ஸ்' ஆண்டு மலர் 10, கேரோல் கதையிலேயே தேடி வாங்கப்படுற இதழ்கள்ல ஒண்ணு. காரணம் கேரோல் இல்ல. ரோக் முதல்ல வர்றது அதுலதான், கேரோலோட சக்தியையும் நினைவையும் பிடுங்கிக்கிட்டவ அவ. நாயகி எல்லாத்தையும் இழந்த கதைக்கு, அவ பறந்த பல கதைகளை விட மவுசு ஜாஸ்தி. சந்தைக்கு உணர்ச்சியெல்லாம் கிடையாது.

இப்போ என் கதை. 2022 மார்ச். கமலா தொடர் ஜூன்ல டிஸ்னி பிளஸ்ல வரப்போகுதுன்னு ட்ரெய்லர் வந்திருந்துச்சு. 17 இரண்டாம் அச்சு என் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஒரு ஆன்லைன் விற்பனையாளர் கிட்ட 14ஆம் இதழ் கிடைச்சது, 'நியர் மிண்ட்'னு போட்டிருந்தாரு, அதாவது கிட்டத்தட்ட புத்தம் புதுசு. என் மாச வாடகைப் பங்குல கால்வாசி போச்சு. ரூம்மேட் மதுரைக்காரன். "டேய், இருபது பக்கப் புத்தகத்துக்காடா இவ்ளோ?"ன்னான். "மச்சி, ஜூன்ல டபுள் ஆகும் பாரு"ன்னேன். அந்த வாக்கியத்தை நான் சொன்ன விதத்துலயே தெரிஞ்சிருக்கணும், அப்போ நான் கமலா ரசிகனா பேசல.

அதை சிஜிசிக்கு அனுப்பினேன். ஃப்ளோரிடாவுல இருக்குற நிறுவனம், புத்தகத்தைப் பார்த்து 0.5லேர்ந்து 10 வரை மதிப்பெண் போட்டு, உறையில சீல் வெச்சுத் தருவாங்க. பழைய இதழ்னா 4 வந்தாலும் கொண்டாடலாம். புது இதழ்னா எதிர்பார்ப்பே 9.8தான். அதுக்கு ஒரு படி கீழே இறங்கினாலும் விலை சரசரன்னு சரியும், ஏன்னா 9.8ஏ நிறைய இருக்கு, குறைஞ்சதை யாருக்கு வேணும்?

தொற்றுக்காலத்துல காமிக்ஸ், கார்டுனு எல்லாரும் சேகரிப்புல குதிச்சதால அங்கே பெரிய க்யூ. ஜூன்ல தொடர் வந்துச்சு, ஜூலையில முடிஞ்சுச்சு. என் புத்தகம் வந்தது செப்டம்பர்ல. 9.2. முதுகு மடிப்புல நகக்கீறல் மாதிரி நாலஞ்சு வெள்ளைக் கோடு. ஃபோட்டோல தெரியல, விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா தெரியும். வந்த அன்னைக்கே நான் அப்படிப் பிடிச்சுப் பார்த்திருக்கலாம், பார்க்கல. அதுக்குள்ள விலையும் இறங்கியிருந்துச்சு. பொதுவா படமோ தொடரோ வர்றதுக்கு முன்னாடிதான் உச்சம், திரைக்கு வந்ததும் வித்துட்டு வெளியேறுறவங்கதான் ஜாஸ்தி. 2023 நவம்பர்ல 'தி மார்வெல்ஸ்' வந்து, மார்வெல் சினிமா வரிசையிலேயே குறைஞ்ச வசூல் பண்ணுச்சு. அதுக்கப்புறம் நான் விலையைப் பார்க்குறதையே விட்டுட்டேன்.

நீங்க வாங்கப் போறீங்கன்னா சிலது சொல்றேன். எத்தனையாவது அச்சுன்னு உள்ளே பொடி எழுத்துல இருக்கும், படிங்க. மடிப்போட ஃபோட்டோ, ஸ்டேப்ளர் பின்னோட ஃபோட்டோ தனித்தனியா கேளுங்க. சென்னை மாதிரி உப்புக் காத்து ஊர்ல பின் துரு பிடிச்சு காகிதத்துல கறை இறங்கும், அதனால பரண் மேல வைக்காதீங்க. ஓரத்தை வெட்டி நேராக்கினது, நிறம் உதிர்ந்த இடத்துல பேனா வெச்சது, இதெல்லாம் கண்டுபிடிச்சா சிஜிசி ஊதா லேபிள் போடும், விலை பாதாளத்துக்குப் போகும். அமுக்கி மடிப்பு எடுக்குறது மட்டும் பரவாயில்லையாம். அந்த எல்லைக்கோட்டுக்கு நியாயம் என்னன்னு எனக்கு இன்னும் புரியல.

ஊருக்குத் திரும்பினப்போ அதை லேப்டாப் பையில வெச்சுக் கொண்டுவந்தேன். தங்கச்சி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அண்ணா, இதுல கமலா எங்கே?"

"உள்ளே இருக்கா."

"திறந்து காட்டு."

"திறக்க முடியாதும்மா."

அட்டையில இருந்தது கேரோல் மட்டும்தான். அடுத்த வாரம் அவளுக்கு 'நோ நார்மல்' பேப்பர்பேக் வாங்கிக் கொடுத்தேன். மூணு நாள்ல முடிச்சுட்டா. பாதிக்கு மேல அட்டை மடங்கியிருக்கு, நடுவுல ஒரு பக்கத்துல மஞ்சள் கறை. சாப்பிட்டுக்கிட்டே படிச்சிருக்கா. ரெண்டாம் தொகுதி எப்போன்னு கேட்டுக்கிட்டிருக்கா.